‘ங்க’ சொல்கிறவள்

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘வா’ என்றால் ஒருத்தி, ‘வாங்க’ என்றால் வேறொருத்தி. எதிரில் நிற்பவருக்கு இந்த ‘ங்க’வைச் சேர்ப்பதா, விடுவதா என்று முடிவு செய்யாமல் நம்மால் ஓர் ஏவல் வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. ஆங்கிலம் பேசுகிற விற்பனையாளர் எல்லோருக்கும் ஒரே ‘யூ’வைப் போட்டுவிட்டு, வேண்டுமானால் ‘சார்’, ‘மேடம்’ என்று ஒன்றைத் தனியாக ஒட்டிக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. ஒரு சேலையை எடுத்து விரித்து, “பாருங்க, தொட்டுப் பாருங்க, வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா வேற எடுக்கேன், சொல்லுங்க” என்கிற பெண் ஒரே மூச்சில் நான்கு ‘ங்க’ கொடுத்துவிட்டாள். பதிலுக்கு வருவது பெரும்பாலும் ‘வேற காட்டு’.

இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என் மாணவிகள். நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒன்றரை மணிக்கு வகுப்பு முடியும். அதற்குப் பிறகு மாணவிகளில் பலர் வேலைக்குப் போகிறார்கள். ஜவுளிக் கடை, மருந்துக் கடை, செல்போன் கடை, பேக்கரி. தீபாவளி மாதத்தில் ஜவுளிக் கடைகள் கூடுதல் ஆள் எடுக்கும்போது வகுப்பில் பாதி காலியாக இருக்கும். வந்தவர்களும் பெஞ்சுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பாதத்தால் அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் முதல் இயல் கிளவியாக்கம். திணை, பால், எண், இடம் எல்லாம் எங்கே பொருந்த வேண்டும், எங்கே பொருந்தாமலே ஏற்றுக்கொள்ளப்படும் என்பதை அது பேசுகிறது. இதை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு வேலை கொடுப்பது என் வழக்கம். நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் வாடிக்கையாளரை எப்படி அழைக்கிறீர்கள், அவர்கள் உங்களை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள். நோட்டுக்கு நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் கொடுத்தது, அந்தப் பக்கம் வாங்கியது.

கொடுத்த பக்கத்தில் மேடம், சார், அக்கா, அம்மா, அண்ணே, அண்ணாச்சி, பாட்டி, தாத்தா. தாடி வைத்துத் தொப்பி போட்டவர் என்றால் ‘பாய்’. எல்லாவற்றுக்கும் பின்னால் தவறாமல் ஒரு ‘வாங்க’. வாங்கிய பக்கத்தில் ஏம்மா, இந்தாம்மா, பாப்பா, ஏ பிள்ள, ஹலோ, இங்க வா. ஒருத்தி ‘சொடக்கு’ என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிக்கும் அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று என்னிடமே வந்து கேட்டாள். பூனையைக் கூப்பிடுகிற சத்தம். தமிழில் அதற்கு எழுத்து இல்லை.

ஒரு வாடிக்கையாளரை ‘மேடம்’ என்பதா, ‘அக்கா’ என்பதா, ‘அம்மா’ என்பதா என்று முடிவு செய்ய இந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் நேரம், அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நான்கு எட்டு வைக்கும் நேரம்தான். “முதல்ல கழுத்தப் பாப்போம், அப்புறம் செருப்பு, அப்புறம் பை” என்றாள் ஒருத்தி. தாலிச் சரடும் நூல் சேலையும் என்றால் அக்கா. சுடிதாரும் தோளில் பையும் என்றால் மேடம். தலை நரைத்து, நூல் சேலை கட்டி, காலில் ரப்பர் செருப்பு என்றால் அம்மா அல்லது பாட்டி. அதே நரை, பட்டுச் சேலை, வெளியே கார் என்றால் நரையைப் பார்க்கக் கூடாது, மேடம்தான். ஆண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இருபது வயதுப் பையனும் சார், அறுபது வயதுக்காரரும் சார். பெண் வாடிக்கையாளரின் வயது, கல்யாணம், வசதி மூன்றையும் எடைபோட்டு ஒரு சொல்லில் சொல்ல வேண்டியிருக்கிறது. எடை தவறினால் திட்டு. “நான் உனக்கு அக்காவா?” என்று கேட்ட பெண்ணைப் பற்றி மூன்று நோட்டுகளில் எழுதியிருந்தார்கள். ‘ஆன்ட்டி’ என்ற சொல் எந்தக் கடையிலும் எடுபடுவதில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தப்பித்தவளே கிடையாது.

நானும் கடைக்குப் போகிறவள்தான். கைத்தறிச் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாகப் போனால் மேடம், வீட்டுச் சேலையோடு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் ‘என்னக்கா வேணும்’. எனக்கு இரண்டும் பிடிக்கும். கல்லூரியில் தமிழ்த் துறைக்காரி என்பதால் ‘அம்மா’ என்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இயற்பியல் நடத்துகிற தோழி ‘மேடம்’. பாடத்தைப் பொறுத்து விளிச்சொல் மாறுகிற நாடு இது.

சில பெரிய கடைகளில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்: அக்கா, அண்ணன் எல்லாம் கூடாது, எல்லோரும் மேடம், எல்லோரும் சார். முறைசொல்லி அழைப்பது நாட்டுப்புறமாக இருக்கிறதாம். கேட்பதற்கு இது ஒருவகைச் சமத்துவம்போலத் தெரியும். கழுத்தையும் செருப்பையும் அளக்கும் வேலை மிச்சம். அப்படித்தான் நானும் வகுப்பில் சொன்னேன். மாணவிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அண்ணேன்னு சொன்னா அவங்க கை கொஞ்சம் யோசிக்கும்மா. சார்னு சொன்னா யோசிக்காது” என்றாள் மேட்சிங் பிளவுஸ் பிரிவில் நிற்கும் ஒருத்தி. துணியை வாங்கும் சாக்கில் விரலைத் தொடுகிற ஆள், அளவு சொல்லும் சாக்கில் மார்பைப் பார்க்கிற ஆள், மனைவி உடை மாற்றும் அறைக்குள் போன ஐந்து நிமிடத்தில் போன் நம்பர் கேட்கிற ஆள் எல்லோருக்கும் அந்தப் பெண்கள் வைத்திருந்த ஒரே ஆயுதம் அந்த ‘அண்ணே’. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் முதலில் மனைவியைப் பார்த்து ‘வாங்கக்கா’ என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் தானாக அண்ணன் ஆகிவிடுவார். யாரும் எழுதி வைக்காத தொழில் நுணுக்கம் இது. ‘சார்’ என்ற சொல் வந்து இதைப் பிடுங்கிக்கொண்டது. விதி போட்டவர்கள் ஆண்கள். ‘அண்ணே’ என்ற சொல் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை.

இதற்காக உறவுமுறைச் சொற்களைக் கொண்டாடவும் எனக்கு முடியவில்லை. ஒரு பெண் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள முன்பின் தெரியாத ஆளுக்குத் தங்கையாகிக் காட்ட வேண்டும் என்பது என்ன பாதுகாப்பு? அதோடு இதே உறவுதான் மாடியில் உட்கார்ந்திருக்கும் முதலாளியையும் குடும்பத் தலைவராக்குகிறது. எல்லோரும் ஒரே குடும்பம், விடுதி உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, பொங்கலுக்குச் சேலை உண்டு. குடும்பத்துக்குள் கூடுதல் நேர வேலைக்குக் கூலி கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா?

தென்மாவட்டக்காரர்களுக்கு ‘அண்ணாச்சி’ என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையில்கூட மளிகைக் கடைக்கு ‘அண்ணாச்சி கடை’ என்றே பெயர். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அங்கே விற்கிறவர் அண்ணாச்சி, வாங்குகிறவர்கள் நாம். “அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு குடுங்க” என்று ‘ங்க’ போட்டுக் கேட்கிறோம். காசும் கொடுத்து மரியாதையும் கொடுக்கிறோம். வாடிக்கையாளரே ராஜா என்பதெல்லாம் அவர் கல்லாவுக்கு முன் செல்லாது. பொருளை எடுத்துத் தருவது, விலை சொல்வது, பொட்டலம் கட்டுவது என்று அவர் செய்வதும் அந்தப் பெண் செய்வதும் ஒரே வேலைதான். கடை யாருடையது என்பதில்தான் வித்தியாசம். ஆகவே விற்பனைத் தொழிலிலேயே பணிவு ஒட்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அது கூலிக்கு நிற்பவரிடம் ஒட்டுகிறது. அதிலும் பெண்ணிடம் அழுத்தி ஒட்டுகிறது.

எப்படி என்று கேட்டால், இலக்கணம் நடத்துகிறவள் என்ற முறையில் ஒரு சான்று தருகிறேன். கடையில் வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். “அந்தப் பையன் எடுத்துக் குடுத்தான்.” “அந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்துச்சு.” பையனுக்கு மரியாதை இல்லை, ஆனால் உயர்திணையில் இருக்கிறான். பெண் அஃறிணைக்குப் போய்விட்டாள். அவள் எதிரிலேயே, அவள் கையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டே, “அது வேற கலர் இருக்குன்னு சொல்லுது” என்கிறார்கள். ‘அவள்’ என்றால் கடுமையாகத் தெரிகிறது, ‘அவங்க’ என்றால் அதிகமாகத் தெரிகிறது, நடுவில் ‘அது’ என்று ஒரு சொல் கைக்குக் கிடைக்கிறது. வீட்டில் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்லும்போது அதில் செல்லம் இருக்கும். பவணந்தியின் நன்னூலும் இதற்கு இடம் தருகிறது. மகிழ்ச்சியாலோ, மதிப்பாலோ, சிறப்பாலோ, கோபத்தாலோ, இழிவாகக் கருதுவதாலோ பாலும் திணையும் மாறி வரலாம் என்கிறது. ஐந்து காரணங்கள். கடையில் நிற்கிற பெண்ணை ‘அது’ என்பது இந்த ஐந்தில் எது என்று தேர்வில் கேட்டால் மாணவிகள் சரியாக விடை எழுதிவிடுவார்கள்.

பேச்சுத் தமிழில் இன்னொன்றும் உண்டு. ஓர் ஆணை மதித்துச் சொல்ல ‘அவரு’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. பெண்ணை மதிக்க வேண்டுமானால் ‘அவங்க’தான், அது பலருக்கும் சேர்த்து இருக்கிற சொல். ஒற்றைப் பெண்ணாக நின்று மரியாதை வாங்குவதற்குப் பேச்சு வழக்கு அவளுக்கென்று ஒரு சொல்லைச் செய்து தரவில்லை.

பன்மையில் சொல்வதே மரியாதை என்பது நம் மொழியில் பழைய வழக்கம். ஆனாலும் ஆதியிலிருந்தே இப்படி இல்லை. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கணத்தின் வழி அல்ல என்று தொல்காப்பியர் சொல்கிறார். புறநானூற்றுப் புலவர்கள் அரசர்களிடம் ‘நீ’ என்றும் ‘நின்’ என்றும் பேசினார்கள். அதியமானிடம் பரிசு வாங்கிய ஔவையும் அப்படியே பேசினாள். பரிசில் பெறுகிறவள், கொடுக்கிறவனை ஒருமையில் அழைத்தாள். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. கடவுளுக்கு இன்றைக்கும் ‘நீ’தான். மனிதர்களுக்கு ஏற ஏறப் பன்மையும் ஏறிவிட்டது. பலர் என்று பொருள்பட்ட ‘அவர்’ ஒருவருக்கு மரியாதையாகி, பலரைச் சொல்ல ‘அவர்கள்’ வந்து, பிறகு அதுவும் ஒரே ஆளின் பெயருக்குப் பின்னால் மேடையில் போடுகிற மரியாதையாகிவிட்டது. புழங்கப் புழங்கத் தேய்கிற காசு மாதிரி.

1960இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகளில் உள்ள இரண்டு வகை ‘நீ’க்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மொழியியல் படிக்கிற எல்லோரும் அதைக் கடந்துதான் வருவார்கள். மரியாதைச் சொல் இரு பக்கமும் போய் வந்தால் ஒரு பொருள். ஒரு பக்கம் மட்டும் போனால் அங்கே அதிகாரம் இருக்கிறது என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் இதை விளக்க ஐரோப்பா தேவைப்படவில்லை. மேலத் தெருவில் பத்து வயதுப் பையன் என் பாட்டியைப் பெயர் சொல்லி ‘நீ’ என்பான். பாட்டி அவனை ‘ஐயா’ என்பாள். 1930களின் தொடக்கத்தில் பெரியார் எல்லோரையும் ‘தோழர்’ என்று அழைக்கச் சொன்னதன் காரம், இப்படி ஒரு தெருவில் வளர்ந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

என் அம்மா பீடி சுற்றினாள். இலையும் தூளும் வாங்கிவந்து, இரவு பகலாகச் சுற்றி, மறுநாள் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கணக்கு எழுதுகிறவன், அம்மாவைவிடச் சிறியவன், கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று ஒரு கை அள்ளி ஒதுக்குவான். “ஏளா, இது என்ன பீடியா, விறகா?” அம்மா தலையைக் குனிந்துகொண்டு “அடுத்த தடவ சரியா கொண்டாரேன்யா” என்பாள். ரேஷன் கடையில் ‘ஏம்மா, தள்ளி நில்லு’. ஆஸ்பத்திரியில் ‘நீ எங்க வந்த?’ பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க வந்தபோதும் ‘கைநாட்டு வச்சிட்டுப் போ’. வீட்டுக்கு வந்தால் அப்பா. அங்கே ‘ங்க’வுக்கு இடமே இல்லை.

வருடத்தில் ஒரு நாள், தீபாவளிக்கு முன்னால், போனஸ் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களை நெல்லை டவுன் ரத வீதிக்குக் கூட்டிப் போவாள். அப்போது ஜவுளிக் கடைகளில் உயரமான மேடையில் வெள்ளை விரித்த மெத்தை இருக்கும். கடைக்காரர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நாமும் விளிம்பில் உட்காரலாம். “வாங்கம்மா, உட்காருங்க. பிள்ளைகளுக்கா? என்ன விலையில பாக்குதீங்க?” அம்மா உட்காருகிற விதமே அன்றைக்கு வேறு. முதுகு நேராகிவிடும். மஞ்சளைக் காட்டச் சொல்லுவாள், பச்சையைக் காட்டச் சொல்லுவாள், வாங்கப் போவதில்லை என்று எங்களுக்கே தெரிந்த பட்டுப் பாவாடையையும் விரிக்கச் சொல்லுவாள். அவர் ‘இந்தாங்க, பாருங்க’ என்று விரித்துக்கொண்டே இருப்பார். ஊரும் தெருவும் அங்கே யாரும் கேட்கவில்லை. முந்தானை முடிச்சு போதுமாக இருந்தது.

எனக்குத் தெரிந்து அம்மாவுக்கு வெளியாட்கள் ‘ங்க’ போட்டது அந்த ஒரு நாள்தான். வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை பொய், காசுக்குச் செய்யும் நடிப்பு என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதுகு நினைவுக்கு வரும். காசுக்குத்தான். ஆனால் காசில்லாமல் அதைக் கொடுக்க ஊரில் யாரும் இருக்கவில்லையே.

காசுக்கும் ‘ங்க’வுக்கும் உள்ள உறவை இப்போது நகரப் பேருந்தில் பார்க்கலாம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மாணவிகளில் பலர் கல்லூரிக்கு வர முடிவதே அதனால்தான். ஏறும்போது சில நடத்துநர்களின் வாயிலிருந்து ‘ங்க’ இறங்கிவிடுகிறது. பின்னால் ஏறுகிற ஆணுக்கு “சார், டிக்கெட் வாங்குங்க”, முன்னால் நிற்கிற பெண்களுக்கு “ஏம்மா, உள்ள போ.” அரசு நமக்காகக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறது. மரியாதைக்கு மானியம் கிடையாது.

முன்பு எங்கள் வகுப்பில் இருந்த ஒருத்தி இப்போது சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுக்கிறாள். அங்கே ‘ங்க’கூடப் போதாது, ‘தங்கள்’ வேண்டும். “தங்களின் பொறுமைக்கு நன்றி.” “தங்களுக்கு வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?” ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் மாற்றிய வசனம். பேச்சு முழுவதும் பதிவாகும். வணக்கம் சொன்னாளா, வாடிக்கையாளர் பெயரைச் சொன்னாளா, வருந்துகிறோம் சொன்னாளா என்று பிறகு ஒருவர் கேட்டு மதிப்பெண் போடுவார். எதிர்ப்பக்கம் “நீ போன வையிடி, ஆம்பள யாராவது இருந்தா குடு” என்று கத்தினாலும் அவள் தானாகத் துண்டிக்கக் கூடாது. “ஐயோ, அந்த நேரத்துல ‘தங்கள்’னு சொல்லணும்மா. எட்டுத்தொகையில இருந்து பேசுற மாதிரி இருக்கும்” என்று சிரித்தாள். பகலில் ஒன்பது மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு விடுதிக்குப் போனால் அறைத்தோழிகளிடம் வாயே திறப்பதில்லையாம். 1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ என்ற நூலை எழுதினார். முகத்தில் புன்னகையைத் தேக்கி வைப்பதும் உழைப்புதான், அதையும் நிறுவனம் விற்கிறது என்று அவர் காட்டினார். என் மாணவிக்கு முகம் தேவையில்லை. போனில் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அவளிடம் எடுத்துக்கொள்வது குரலையும் வினைவிகுதியையும்.

ரத வீதியில் அந்த மெத்தைகள் இப்போது அநேகமாக இல்லை. கண்ணாடி, ஏசி, நான்கு மாடி, நகரும் படிக்கட்டு. மெத்தையில் உட்கார்ந்து விற்றவர்கள் ஆண்கள். மெத்தை போய்க் கவுண்டர் வந்த அதே காலத்தில்தான் விற்கிற இடத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். எழுந்து நிற்பதும் ஒரு மரியாதைச் சொல்தான், வாயால் சொல்லாதது. பெரியவர் வந்தால் எழுகிறோம், அவர் உட்காரச் சொன்னால் உட்காருகிறோம். வாடிக்கையாளர் வந்துகொண்டே இருக்கும் இடத்தில், உட்காரச் சொல்லவும் யாரும் இல்லாதபோது, அது பன்னிரண்டு மணி நேர ‘வாங்க’வாக நீண்டுவிடுகிறது. கால் நரம்பு சுருண்டுகொள்வதும், கழிப்பறைக்குப் போகும் எண்ணிக்கையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதன் தொடர்ச்சி.

கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையல் தொழிலாளி, கடைத்தெருவில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததிலிருந்து தொடங்கி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். உட்காரும் உரிமைக்கான போராட்டம் அங்கிருந்து வளர்ந்து, 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது. தொல்காப்பியம் நடத்துகிற வகுப்பில் இந்தச் சட்டப் பிரிவையும் நான் நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் இல்லை; ஆனால் இரண்டும் ஒருவர் இன்னொருவருக்கு முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை.

சட்டம் வந்த பிறகு மேட்சிங் பிளவுஸ் பிரிவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் வாயால் சொல்லிவிட்டார். அந்தத் தளத்தில் வாடிக்கையாளர் கண்ணில் படாத நேரமே கிடையாது. இப்போது ஸ்டூலில் பிரித்த துணிக் கவர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

போன தீபாவளியின்போது அவளிடம் ஒரு பாட்டி வந்திருக்கிறாள். தென்காசிப் பக்கத்துக் கிராமம், பேத்திக்குச் சட்டைத் துணி. கையில் ஒரு மாதிரித் துண்டு. இருபது கட்டுகளை எடுத்துப் போட்ட பிறகும் நிறம் ஒத்துவரவில்லை. பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள்.

“ஏட்டி, காலையில இருந்தா நிக்க? அந்தக் கவர எடுத்துப் போட்டுட்டு செத்த நேரம் இரி. நான் பாத்துக்கிடுதேன்.”

நோட்டில் அவள் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தாள். ‘ஏட்டி’, ‘நிக்க’, ‘இரி’. மூன்று சொல்லிலும் ‘ங்க’ இல்லை. ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான பேர் வந்துபோன இடத்தில் அவளை உட்காரச் சொன்னது அந்தப் பாட்டி மட்டும்தான்.

“உட்கார்ந்தியா?” என்று கேட்டேன்.

“எங்கம்மா, மேல கேமரா இருக்கே” என்றாள். பிறகு, பாட்டிக்கு வேண்டிய நிறம் இருபத்து மூன்றாவது கட்டில் கிடைத்துவிட்டது என்றாள்.